மந்திரி என்றால் எந்தக் காய்?

எங்கள் வீட்டில் "மந்திரி" என்ற சொல்லை யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. எந்த மந்திரி என்று உடனே எதிர்க்கேள்வி வரும். சதுரங்கப் பலகை ஒன்றுதான், காய்களும் ஒரு பெட்டிதான், பெயர்கள் மட்டும் இரண்டு ஊருடையவை. நான் சித்திரபுரம் மலைக்காரி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே மீனாட்சிபுரத்துக்காரர். இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை.

எங்கள் அப்பா எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கர். கொழுந்து வந்து வாடி, உருண்டு, நிறம் மாறி, வறுபட்டுத் தூளாகிப் பெட்டிக்குள் போகிற வரைக்கும் அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சத்தமாக உறிஞ்சுவார். வாய்க்குள் உருட்டிவிட்டுத் துப்புவார். அதிலேயே எந்த மலைச்சரிவில் பறித்த கொழுந்து, அதை வாட்டியவன் எந்த நேரத்தில் தூங்கிப் போனான் என்பது வரை சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. ஊருக்கெல்லாம் தேயிலை செய்து அனுப்பிய மனிதர் தனக்கென்று ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்ததே கிடையாது. அம்மா இருந்த வரை அம்மா போட்டாள். அம்மா ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போன பிறகு நாங்கள் மூன்று பெண்களும் போட்டோம். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சமைக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று இரண்டாவது அக்கா அவரைக் கேலி செய்வாள். அப்பாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு டம்ளரை நீட்டுவார்.

சதுரங்கம் அவருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வந்தது. அந்தத் துரை ஊருக்குத் திரும்பும்போது, சுமக்க முடியாத நாற்காலிகளை எல்லாம் விற்றுவிட்டு, காய்ப்பெட்டியை மட்டும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே காய்களின் விலையையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிப்பாய் ஒன்று, குதிரை மூன்று, மந்திரி மூன்று, யானை ஐந்து, ராணி ஒன்பது. எங்கள் வீட்டில் யானை என்றால் நாலு மூலையில் நிற்கிற காய், நேராக ஓடும். மந்திரி என்றால் ராஜாவுக்கும் ராணிக்கும் அடுத்தடுத்து நின்று, குறுக்கே ஓடுகிற காய். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வம்பு முழுவதும் இதில்தான் வந்தது.

துரை சொன்ன விலையை அப்பா மதிக்கவில்லை. "அது டொரை ஊர்ல கடைக்காரன் எழுதிப்போட்ட வெல," என்பார். "காய்க்குன்னு தனியா வெல கெடையாது, கேட்டியா. பக்கத்துல யாரு நிக்கா, எதுக்க யாரு நிக்கா, அதான் வெல." அவர் சொன்னது உண்மைதான் என்று அவரோடு ஆடி ஆடி நானே கண்டுகொண்டேன். மந்திரி இரண்டும் சேர்ந்து நின்றால் மூன்றும் மூன்றும் ஆறு இல்லை, அதற்கு மேலே. ஒன்று வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று கறுப்பை. ஒன்று போய்விட்டால் மிச்சமிருப்பதற்குப் பாதி ஊர் கண்ணுக்கே தெரியாது. சிப்பாய்கள் முட்டிக்கொண்டு தெருவெல்லாம் அடைத்துக் கிடக்கும்போது குதிரை ராஜா மாதிரி தாவும். அதே தெரு காலியாகிவிட்டால் குதிரை நொண்டி, மந்திரிக்குக் கொண்டாட்டம். ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஒரு சிப்பாய் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய தலைகள் எல்லாம் விழுந்த பிறகு அந்த ஒற்றைச் சிப்பாய்க்காக இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ராணியைக் கொடுத்து ஈடாக மூன்று சின்னக் காய்களை வாங்கலாம், மூன்றும் ஒற்றுமையாக ஆடினால் தாங்கும் என்றும் சொல்வார். அவர் ஆட்டத்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அம்மா போன வீட்டில் மூன்று பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்று பேர் இருந்தவரை தாங்கியது. பெரியக்கா கல்யாணமாகி மதுரைக்குப் போனாள். அதுவரை இருந்த இடத்திலிருந்து துரும்பை நகர்த்தாத இரண்டாவது அக்கா ஒரே வாரத்தில் வீட்டு அதிகாரி ஆகிவிட்டாள். சோம்பேறி என்று நாங்கள் நினைத்திருந்தவளுக்குள் அத்தனை சுறுசுறுப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பிறகு அவளும் போடிக்குப் போய்விட்டாள். மிஞ்சியது நான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடைக்குட்டி என்பதால் அதுவரை என் சொல்லுக்கு வீட்டில் நாலணா விலைகூடக் கிடையாது. திடீரென்று நான் என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டால்கூட அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்துப் பதில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கடைசிக் காய்க்கு விலை ஏறுவது கடைசிக் காய் என்பதால்தானே.

என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை அப்பா தள்ளிவிட்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவர் கோயிலில், எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்தான், ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்தாராம். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்கு டம்ளரை நீட்டினார். இன்னொருவர் எங்கள் வீட்டுத் தேயிலையை ஒரு மிடறு குடித்துவிட்டு "காபி இருக்குமா?" என்று கேட்டுத் தொலைத்தார். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. உண்மையான காரணம் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நானும் போய்விட்டால் அந்த வீட்டில் அவருக்கு யார்? அதை யாரும் வாயால் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆனால் பலகை சொல்லிக் கொடுத்தது. அம்மா போன பிறகு அப்பா ஆட்டத்தில் ராணிக்கு ராணி மாற்றிக்கொள்வதையே விட்டுவிட்டார். எதிராளி ராணியைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தி, வெட்டு, நானும் வெட்டுகிறேன் என்றால், தன் ராணியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். அது எவ்வளவு நஷ்டமான ஒதுங்கலாக இருந்தாலும் சரி. இந்தப் பலவீனத்தை நான் வெட்கமில்லாமல் பயன்படுத்திக்கொள்வேன். எனக்கு ஒரு நகர்த்தல் இலவசமாகத் தேவைப்பட்டால் ராணியை எதிரே கொண்டுபோய் வைப்பேன், அவர் பின்வாங்குவார், நான் நினைத்ததைச் செய்துகொள்வேன். "ஏட்டி, நீ கள்ளி," என்பார். ஆனாலும் அடுத்த முறையும் பின்வாங்குவார். அதனால் அவர் ராஜா ஆட்டம் முடியும்வரை மூலையில் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பதுங்கியே இருக்கும். ராணிகள் உலவுகிற பலகையில் ராஜா வெளியே தலைகாட்ட முடியாது அல்லவா.

இப்படி இருக்கும்போதுதான் இவர் வந்தார். மின்சார இலாகாவில் வேலை, சித்திரபுரம் குவாட்டர்ஸில் ஜாகை. எங்கள் சபைதான். கோயில் பாட்டுக்குழுவில் எனக்குப் பின்வரிசையில் நின்று, ஒவ்வொரு பாட்டையும் அரை சுருதி கீழே பாடுவார். ஒருநாள் தாங்கமுடியாமல் திரும்பி, "கொஞ்சம் மேலே வரக்கூடாதா?" என்று கேட்டேன். "மலை ஏறி வந்ததே பெருசுங்க, இன்னும் மேல வரச் சொன்னா எப்பிடீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உபதேசியார் முறைத்தார். பாட்டுப் பயிற்சிக்குப் போகிற வழியில் நாலு வார்த்தை, திரும்புகிற வழியில் எட்டு வார்த்தை என்று அது வளர்ந்தது. எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. இந்த வயதில் அதை மறைத்து ஆவது ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து அவருக்கு மாற்றல் வந்தது. எலப்புள்ளிப் பக்கம், கீழே, சமவெளியில். அடுத்த மாதமே போய்ச் சேர வேண்டும். பக்கத்துக் குவாட்டர்ஸுக்குக் கட்டிக்கொண்டு போவது என்றால் அப்பாவுக்குத் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். எலப்புள்ளியிலிருந்து எப்படிக் கொடுப்பது? "அத்தையக் கூட்டீட்டு வந்து கேக்கறனுங்க. உங்கப்பா மாட்டேன்னு சொல்லீட்டா நான் மட்டும் போயிக்கறேன்," என்றார் இவர். அவருடைய அத்தைதான் அவரை வளர்த்தவர். மீனாட்சிபுரத்தில் எருமைகள் வைத்துப் பால் ஊற்றுகிறவர். நான் இவருக்கு ஒரே ஒரு புத்திமதி சொன்னேன், எங்கள் வீட்டுக்குள் காபி என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானம், சாரலில் குடையோடு இரண்டு பேரும் வந்தார்கள். அத்தை கையில் தூக்குப்போசி நிறைய நெய்.

"ஏனுங்கண்ணா, இந்த மலைல வெய்யலே அடிக்காதுங்களா? வந்து எறங்குனதுல இருந்து பாக்கறேன், ஒரு நிமிசம் வுடலீங்க," என்றபடி அத்தை உள்ளே வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "ஏங்கண்ணு, சாப்பிடறதே இல்லியா?" என்றார். எனக்கு அவரையும் அந்தக் கணமே பிடித்துப்போய்விட்டது.

"வாரும் தம்பி, இரும்," என்றார் அப்பா. வானிலை, மின்சாரம், மாற்றல் என்று பேச்சு ஒரு சுற்று போய் நின்றுவிட்டது. யாரும் விஷயத்துக்கு வரவில்லை. பேச்சு நின்றால் அப்பாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காய்ப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆடுவீரோ?"

"கொஞ்சம் தெரியுமுங்க. எங்கூர்ல, பாலக்காட்ல எல்லாம் ஆடுவாங்க."

விருந்தாளியோடு ஆடும்போது அப்பா ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடுவார். அது மரியாதையும்தான், திமிரும்தான். வெள்ளைக் காய்களைத் தன் பக்கம் அடுக்கினார். "நான் ஒரு மந்திரிய விட்டுத்தாரேன். நீரே எடுத்து வச்சிக்கிடும்," என்றார்.

இவர் திகைத்துப் போனார். "மந்திரியவே வுடறீங்களா? வேண்டாமுங்க."

"ஏன், மந்திரி இல்லாம எனக்கு ஆடத் தெரியாதுன்னு நெனைக்கீரோ?"

"அப்பிடி இல்லீங்க. அது ரொம்ப அதிகமுங்களே."

"எடும்வே," என்றார் அப்பா, கொஞ்சம் குரல் உயர்ந்து.

இவர் எழுந்து குனிந்து, மிகுந்த பணிவோடு, அப்பாவின் வெள்ளை ராணியை எடுத்து, பலகைக்கு வெளியே பாயின் மேல் வைத்தார்.

நான் முறுக்குத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ராணியின் தலையில் என் பல் தடம் இருக்கும், பல் முளைக்கிற வயதில் நான் கடித்தது. அம்மா அதை என் வாயிலிருந்து பிடுங்கிக் கழுவி வைத்த கதையை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ராணியை வெட்டக் கொடுக்காத மனிதரின் ராணியை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தூக்கி வைத்துவிட்டார் இவர். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். காபி கேட்டவனே தேவலை.

அப்பா பாயில் கிடந்த ராணியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவர் முகத்தில் விஷமம் துளிக்கூட இல்லை. விட்டுத்தருகிறேன் என்று சொன்னது அப்பா. எடும் என்று அதட்டியதும் அப்பா. கொடுத்த வார்த்தையைத் திருத்துவது அவருக்கு வாந்தியை விழுங்குவது மாதிரி. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் சிப்பாயை நகர்த்தினார்.

நான் தட்டை வைத்துவிட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தைக்கு ஆட்டம் தெரியாது. எருமை ஒன்று கன்று போடாத கதையை என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தேன்.

அன்றைக்கு அப்பா ஆடியது மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ராணி இல்லாதவன் என்ன செய்வான்? எதிராளியின் ராணி நடக்கத் தெருவே இல்லாமல் செய்வான். சிப்பாய்களைக் கொண்டுபோய் முட்டி முட்டி நிறுத்தினார். பலகை முழுவதும் வேலி போட்டது போல ஆகிவிட்டது. ஒன்பது விலை போகிற ராணி, இவருடைய கறுப்பு ராணி, எந்தப் பக்கம் போனாலும் சுவர். அப்பாவின் குதிரைகள் மட்டும் வேலிக்கு மேலே தாவித் தாவிப் போய் அதை விரட்டின. சின்னக் காய்கள் பல சேர்ந்து துரத்தும்போது பெரிய காய்க்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது, சின்னக் காயோடு மாற்றிக்கொண்டால் அதற்குத்தான் நஷ்டம். இவர் சரியான வழியைத்தான் பிடித்தார், ஒரு காய் அதிகம் இருப்பவன் மற்றக் காய்களை ஒன்றுக்கு ஒன்று வெட்டிக் குறைக்க வேண்டும், அப்போதுதான் அதிகப்படிக் காய்க்கு மதிப்பு. ஆனால் அப்பா வெட்டக் கொடுக்காமல் வழுக்கி வழுக்கிப் போனார்.

இடையில் அப்பாவின் குதிரை ஒன்று இவருடைய குறுக்கே ஓடுகிற காயைக் குறிவைத்தது. எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு எச்சரிக்கை சொல்வது வழக்கம். "தம்பி, உம்ம மந்திரியப் பாத்துக்கிடும்," என்றார் அப்பா.

இவர் தன் ராணியைப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். "மந்திரிக்கு ஒன்னுமில்லீங்களே," என்று வேறெங்கோ ஒரு சிப்பாயைத் தள்ளினார். அப்பா அந்தக் குறுக்குக் காயை வெட்டி எடுத்தார்.

"சொன்னனே தம்பி. மந்திரி போச்சே."

"இதுங்களா? இது ஆனைங்களே."

"ஆனையா? அப்ப மூலையில நிக்கதே, அது என்ன?"

"அது தேருங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மந்திரி?"

இவர் தன் கறுப்பு ராணியின் தலையில் விரலை வைத்தார். வைத்த விரல் வைத்தபடியே நின்றது. கண் மட்டும் மெதுவாகப் பாய்க்குப் போய், அங்கே கிடந்த வெள்ளை ராணியைப் பார்த்தது. பாலக்காட்டில் மலையாளத்தார் பேச்சுதானே ஆட்டத்துக்கும்! அங்கே ராணியே கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் மந்திரி, அடுத்தது ஆனை, அப்புறம் குதிரை, மூலையில் தேர். அப்பா மூன்று விலை உள்ள ஒரு காயை விட்டுக்கொடுக்க, இவர் ஒன்பது விலை உள்ளதை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல்.

இவர் காது மடல் சிவந்துபோயிற்று. "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க," என்று வெள்ளை ராணியை எடுத்துக்கொண்டு பலகைக்கு நீட்டினார்.

"வையும் கீழே," என்றார் அப்பா. "எடுத்தது எடுத்ததுதான். ராணி இல்லாம இத்தன நாளு ஆடிட்டுதான இருக்கேன்."

அவர் ஆட்டத்தைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அத்தைகூட எருமைக் கதையை நிறுத்திவிட்டார்.

இவர் வெள்ளை ராணியை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். பிறகு பலகையிலிருந்து தன் கறுப்பு ராணியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"என்னவே செய்யுதீரு?"

"பேச்சுப் பெசகுனது ரெண்டு பேருக்கும் தானுங்க. நீங்க ஒன்னு வுட்டீங்க, நானும் ஒன்னு வுட்டுட்டேன். இப்ப ஆடலாமுங்க."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். இப்போது கணக்கே வேறு. இரண்டு பக்கமும் ராணி இல்லை. சற்று முன்பு வெட்டிய மந்திரியால் அப்பாதான் ஒரு காய் மேலே. எச்சரிக்கை சொல்லித்தான் வெட்டினார், ஆனால் அந்த எச்சரிக்கை இவருக்குப் புரியாத பாஷையில் இருந்தது. அது அவரை உறுத்தியிருக்க வேண்டும், அந்தக் காயைத் திருப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அளவு. எனக்கு வாய்த்த இரண்டு ஆண்களும் இப்படித்தான்.

ராணிகள் போனதும் இவர் செய்த முதல் காரியம் தன் ராஜாவை வெளியே நடத்தியது. மூலையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக, வயல் வரப்பில் போகிற சம்சாரி மாதிரி நடுப்பலகைக்கு வந்தது. அப்பாவின் ராஜா வழக்கம்போல மூலையில், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால். அவர் கை அதை நோக்கிப் போகவே இல்லை. ஒரு காய் அதிகம் வைத்திருந்தும் ஆட்டம் அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. நடந்து வரும் ராஜாவுக்கும் ஒரு விலை உண்டு, நல்ல குதிரையின் விலை. பதுங்கியிருக்கிற ராஜாவுக்கு ஒரு விலையும் இல்லை.

அப்போதுதான் அத்தை, முறுக்கைக் கடித்துக்கொண்டே, அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார். "ஏனுங்கண்ணா, நான் ஒன்னு கேட்டா கோவிச்சுக்கப் படாதுங்க. புள்ளையக் கட்டிக் குடுத்துப்போட்டு நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க? சோத்துக்கு, தண்ணிக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். அப்பாவின் கை பலகைக்கு மேலே எந்தக் காயையும் தொடாமல் நின்றது.

இவர்தான் தணிந்த குரலில் சொன்னார், ஆட்டத்தைப் பார்த்தபடி. "ராசா வெளிய வரலாமுங்க. இனி ஒன்னும் பயமில்லீங்க."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ராஜாவை எடுத்து, சிப்பாய்களின் ஓரமாக, ஒரு கட்டம் வெளியே வைத்தார். அந்த வீட்டில் அம்மா போன பிறகு நான் பார்க்காத நகர்த்தல் அது.

அதன் பிறகு ஆட்டம் நீண்டது, ஆனால் இறுக்கம் போய்விட்டது. காய்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி விழுந்தன. அப்பா ஒரு குதிரையைக் கொடுத்து முன்னேறி வந்த இரண்டு சிப்பாய்களை வாங்கினார், அந்த நேரத்தில் அது லாபம்தான். கடைசியில் அப்பாவிடம் ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய்கள், ஒன்று நடுவில், ஒன்று இடது ஓரத்தில். இவரிடம் ஒரே ஒரு குதிரை. அப்பா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இவர் யோசித்து யோசித்து, அந்தக் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டி, குதிரையை வெட்டக் கொடுத்தார். மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதா? அப்பா சந்தோஷமாகக் குதிரையை வெட்டினார். இவருடைய ஒற்றை ராஜா நடந்துபோய், ஓரச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய மூலையில் உட்கார்ந்துகொண்டது.

அப்பாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த மூலை வெள்ளைக் கட்டம். அவரிடம் மிஞ்சியிருந்தது கறுப்புக் கட்டத்தில் ஓடுகிற மந்திரி. உயிர் உள்ளவரை ஓடினாலும் அந்த ராஜாவை அங்கிருந்து கிளப்ப முடியாது. ஒரு மந்திரியும் ஒரு சிப்பாயும் கூடுதலாக இருந்தும் ஆட்டம் சமம்.

"பாத்தியா ஏட்டி," என்று என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார் அப்பா. "மூணு ரூவா மந்திரி. இப்ப ஒரு கடுகுக்கு ஆவாது." சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதற்கு இத்தனை சிரிப்பு என்று அத்தைக்குப் புரியவில்லை, ஆனாலும் கூடச் சிரித்தார்.

வழக்கமாக ஆட்டம் முடிந்தால் அப்பா டம்ளரை நீட்டுவார். நான் எழுந்தேன்.

"நீ இரி," என்றார். அவரே எழுந்து சமையலறைக்குள் போனார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம். தீப்பெட்டி அடுப்புக்கு மேல் மாடத்தில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். ஏதோ கீழே விழுந்து உருண்டது. புகை வந்தது. பால் பொங்கிக் கரிகிற வாசனை வந்தது. தேயிலையைக் கொதிக்க விடுகிறவனைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்று ஃபாக்டரியில் அவர் சொல்வார். அது தளதளவென்று கொதிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. இவர் பாயிலிருந்த இரண்டு ராணிகளையும் எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்பா நாலு டம்ளர்களை ஒரு மூடித்தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். முன்கை ரோமம் கொஞ்சம் பொசுங்கியிருந்தது. டீயின் நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி.

இவர் ஒரு வாய் குடித்தார். காபிக்காரர், பாவம். "நல்லா இருக்குதுங்க," என்றார்.

அப்பா தன் டம்ளரில் ஃபாக்டரியில் போலவே சத்தமாக ஒரு வாய் உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். எழுந்து போய் ஜன்னல் வழியாக மழைக்குள் துப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "கொழுந்து நல்ல கொழுந்துதான். போட்டவன் சரியில்ல," என்றார். பிறகு அத்தையைப் பார்த்தார். "அறுப்பு முடிஞ்சு கல்யாணத்த வச்சிக்கிடுவோம்மா. அதுக்குள்ள நான் இதப் படிச்சிக்கிடுதேன்."

நான் அழுதுவிட்டேன். எல்லோருக்கும் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் என்னிடம் அடிவாங்குகிற பிள்ளைகளைப் போல. அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். அழுதுகொண்டே நான் அந்தக் கசப்பு டீயை அடிவரை குடித்து முடித்தேன்.

குடித்துவிட்டு டம்ளரை அப்பாவிடம் நீட்டினேன். "இன்னும் இருக்காப்பா?"

அப்பா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் எழுந்திருக்கவில்லை.